ரொட்டி நீட்டிய சீமான்

கறம்பக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு ரத்தினவேல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இந்த இமயமலை ஊரில் கருங்கரடி உலவுகிறது. பயப்படாதீர்கள், அதற்கு அறிவு இருக்கிறது. எங்கள் ஓட்டலில் தங்க வருகிறவர்களுக்குத்தான் இல்லை. நேற்று மத்தியானம் சமையல்கட்டுக்குப் பின்னால் குப்பையைக் கிளறிய கரடியிடம், டெல்லிச் சீமான் ஒருவர் ரொட்டியை நீட்டிக்கொண்டே போனார். போட்டோவுக்காம்! கரடி இரண்டு காலில் எழுந்ததும் அப்படியே விறைத்து நின்றுவிட்டார்.

கூட வேலை பார்க்கும் ஆவூர் லூர்து, "அண்ணே, அங்கிட்டுப் போகாதீங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். நான் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போய், அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கரடி காட்டுக்குள் ஓடியது.

உயிர் பிழைத்தவர் முதலாளியிடம் போய், நான் சட்டையைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். முதலாளி என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"கரடிக்கிட்ட வேணா கேக்குறேன்" என்றேன். அதனால் பரிமாறும் வேலை போய், இப்போது பாத்திரம் கழுவுகிறேன். குப்பைத் தொட்டிக்கு மட்டும் இன்னும் மூடி போடவில்லை. என் கையில் ஒரு கீறல்; அதுகூட இழுத்தபோது அந்தச் சீமான் பிராண்டியதுதான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பார்சலில் என் பெயரை முழுசாக, பெரிதாக எழுதுங்கள்; இங்கே என்னை 'மதராசி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதோ, இப்போதும் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்,
ரத்தினவேல்