அவசரம் லேது

இன்று காலை எங்கள் கல்லூரியில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்த மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினோம். வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகள் வகுப்பு போக மிச்ச நேரத்தில் நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை செய்து படிப்பைத் தொடர ஓர் ஏற்பாடு. நாம் படித்த காலத்தில் இருந்த அதே ஏற்பாடுதான். நான் சித்தூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது, இந்தக் குழுவில் என்னைப் போட்டது இந்த வருடம்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் ஒரு பெண்ணின் தாளைப் புரட்டிவிட்டுத் தெலுங்கில் கேட்டார்: "நீக்கு இதி நிஜங்கா அவசரமா?"

அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவசரமே சார்" என்றாள். அவ்வளவுதான், வேலை அவளுக்கு எழுதியாயிற்று. இந்த ஒரு சொல்லை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் நான் பட்ட பாடும் என்னால் நீ பட்ட பாடும் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? மற்ற பிள்ளைகளிடம் என்ன கேட்டேன் என்றே எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். வாய் நிறையத் தமிழ் பேசுவாய், எழுத்து என்றால் உனக்குத் தெலுங்கு மட்டும்தானே.

திருப்பதியில் நம் கல்லூரி அலுவலகத்து வராண்டாவில் ஒரு கால் ஆடும் பெஞ்சு இருந்தது. அன்று கடைசியாக மிஞ்சியவர்கள் நாம் இருவர். நான் பதற்றத்தில் வாய்க்குள்ளேயே தமிழில் எதையோ முனகிக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பி, "நகரியாடி?" என்று கேட்டாய். முன்பின் பார்த்திராத என்னை எடுத்த எடுப்பில் டி போட்டுக் கூப்பிட்டாய், எனக்கும் அது பிடித்திருந்தது. உன் ஊர் வெதுருகுப்பம் என்றாய். அம்மா சத்தியவேட்டுப் பக்கம், அதனால் வீட்டில் தமிழ் என்றாய். அப்பா இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாய். நான் எங்கள் கதையைச் சொல்லவில்லை. போர் வற்றிக் கரும்பு காய்ந்து போனதையும், விடுதிக்குக் கட்டவேண்டியதைக் கட்ட அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைவரைதான் கெடு என்பதையும், இந்த வேலை கிடைக்காவிட்டால் நைனா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கஷ்டத்தை வாசலுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அடுத்து நீ என்பதால் கதவருகே வந்து நின்றாய். உள்ளே இருந்த சூப்பிரண்டு நல்ல மனிதர்தான், காலையிலிருந்து பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். என் தாளையும் இன்னொரு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இன்று கணக்கு வாத்தியார் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நீக்கு இதி நிஜங்கா அவசரமா?

நகரியில் பிறந்தவளுக்குத் தெலுங்கு தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும், பஸ்ஸுக்கும் சந்தைக்கும் போதுமான தெலுங்கு. எங்கள் தெருவில் வேண்டுமா, வேண்டாமா என்பதற்குக் காவாலா, வத்தா என்பதோடு வேலை முடிந்துவிடும். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அவசரம் என்றால் எனக்கு நம் அவசரம்தான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரம். தெலுங்கில் அதற்குத் தேவை என்று அர்த்தம், உனக்கு இது நிஜமாகவே தேவையா என்றுதான் அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. அவர் உடனே வேண்டுமா என்று கேட்பதாக நினைத்தேன். ஆபீஸில் யாரையும் அவசரப்படுத்தாதே, பொறுமையாக இரு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பணிவாகச் சிரித்துக்கொண்டு, "அவசரம் லேது சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மரி எந்துகொச்சாவம்மா?" என்றார். அப்புறம் எதற்கம்மா வந்தாய் என்று கேட்கிறார். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து அதற்கும் சிரித்தேன். தாளில் ஒரு கோடு போட்டார். அது என் பெயர்மேல் விழுந்த கோடு என்று தெரியாமல் கும்பிடு வேறு போட்டுவிட்டு வந்தேன்.

நீ உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாய். நூலகத்தில் இடம், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள் என்றாய். நான் உன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்கும் வரும், அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மெதுவாகக் கொடுப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்தாய். அப்புறம் "வா, டீ குடிக்கலாம்" என்றாய்.

அந்த வராண்டாவில் இரண்டு அவசரமும் தெரிந்த ஒரே ஆள் நீதான். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாய். இதை நீ பிற்பாடு எத்தனையோ முறை சொல்லி வருந்தியிருக்கிறாய். ஆனால் நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

நீ வேலைக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாள், புதன்கிழமை மதியம், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் தெலுங்கில் ஒரு அறிவிப்பு எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவசரமைனந்த மாத்ரமே வட்டிஞ்சுகோண்டி. எவ்வளவு அவசரமோ அவ்வளவு மட்டும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அன்று எனக்கு இருந்த பசிக்கு அண்டாவையே தூக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்து, அவசரம் என்றால் அது இல்லை, தேவை, தேவையான அளவு போட்டுக்கொள் என்று எழுதியிருக்கிறது என்றாள்.

தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சூப்பிரண்டு நிமிர்ந்து பார்த்ததும், எதற்கு வந்தாய் என்று கேட்டதும், அந்தக் கோடும் ஒவ்வொன்றாக விளங்கின. கடைசியாக உன் முகம் வந்தது. நீ கேட்டாய். உனக்குத் தெரியும். தெரிந்தும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

ஆம், எனக்கு மூன்றாம் நாளே தெரியும்.

நான் நேராக அலுவலகத்துக்குப் போய், சார், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, உன்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. என் கோபம் உனக்குத் தெரியும், கத்துகிற கோபம் இல்லை அது. இவள் வாயிலிருந்து வருகிறதா பார்க்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். படிப்பே போனாலும் சரி, நானாகக் கேட்கமாட்டேன் என்று ஒரு வீம்பு.

தினமும் பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து வருவாய். விரலெல்லாம் புத்தகத்துக்கு லேபிள் ஒட்டிய பசை. கேன்டீனில் ஒரு பன் வாங்கிப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்து, "துன்னுடி" என்பாய். நான் தின்பேன். தின்றுகொண்டே, லிஸ்ட் எப்போதுதான் போடுவார்களோ தெரியவில்லையே என்று கேட்பேன். இல்லாத லிஸ்ட். உன் முகத்தைப் பார்ப்பதற்காகவே கேட்பேன். நீ பன்னைப் பிய்த்தபடி, "போடுவாங்கடி" என்பாய். குரல் இறங்கிப் போகும். இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாய். நான் உதவி செய்யவில்லை. என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே கொட்டியிருப்பாய். கேட்காமல் தண்ணீர் குடித்தேன். உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, இப்போது எழுதக் கூசுகிறது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு வந்து பன்னைக் கொடுத்துவிட்டு, உனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டாய். முழுப் பன்னையும் நான் தின்றேன். அன்று நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லையே.

வெள்ளிக்கிழமை வந்தது. நகரியிலிருந்து காலை ரயிலில் நைனா வந்தார். விடுதி வாசலில் என் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் ஒன்று இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நூலகத்தைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். நீ வாசலில் ஒரு கட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாய்.

"இன்னாடி, எங்க போய்க்கினு இருக்கே?"

"ஊருக்கு. படிப்பு வாணாம்னு நைனா கூப்புட வந்துக்கிறாரு" என்றேன்.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கேட்வரை நூறடி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் இப்போது கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று காது பின்னாலேயே இருந்தது. கூப்பிடவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. வீம்பெல்லாம் வடிந்து, திரும்பி ஓடலாமா என்று நினைத்த நேரத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். பசைக் கை. மூச்சு வாங்க நின்றாய். நைனா ஒன்றும் புரியாமல் பையோடு பின்னால் ஓடிவந்தார்.

அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நீ யாரையும் பார்க்காமல் சூப்பிரண்டின் மேசை முன் போய் நின்று தெலுங்கில் சொன்னாய். இவள் அன்றைக்குச் சொன்னது தமிழ் அவசரம் சார். சீக்கிரம் வேண்டாம் என்றுதான் சொன்னாள், தேவையில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இந்த வேலையை வாங்கிக்கொண்டேன். சொல்லி முடிக்கும்வரை உன் குரல் உடையவில்லை. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை, அங்கே சிவந்து போயிருந்தது.

அவர் நம் இரண்டு தாள்களையும் தேடி எடுத்தார். அன்றைக்கு இருந்தது ஒரே இடம், இரண்டு பேர் தாளும் ஒரே மாதிரி இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்டேன் என்றார். இப்போது நீ விட்டுக்கொடுத்தாலும் இடம் இவளுக்கு வராது, ரத்தாகிவிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

நைனா கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். ஊரில் அவர் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் பெண்ணைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். அவர் காதுபட நான் சொல்ல வேண்டும். நீ என் கையை ஒருமுறை அழுத்தினாய்.

"அவசரம் உந்தி சார்" என்றேன், தேவை இருக்கிறது என்று.

நைனா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பிரண்டு உன் வேலை உத்தரவுத் தாளை வாங்கி, கீழே எதையோ எழுதி, காலை நேரம் உனக்கு, மாலை நேரம் எனக்கு என்று ஒரே இடத்தை இரண்டாக்கினார். விடுதிக் கெடுவையும் அவரே பேசித் தள்ளிவைத்தார். நைனா உன்னைக் கும்பிட்டார். நீ பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பாதி வேலை எனக்கு எப்படியோ போதுமாக இருந்தது. உனக்குப் போதவில்லை. அடுத்த மாதமே விடுதியை விட்டுவிட்டு வெதுருகுப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தாய். மூன்று வருடம், விடியற்காலை முதல் பஸ். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவாய், நான் இடித்து எழுப்புவேன். உனக்கு வரவேண்டிய முதல் வகுப்பு தவறிப் போனது. நான் செய்த தப்புக்கு இதாவது அனுபவிக்க வேண்டாமா என்று சிரிப்பாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவள் என்று நீ என்னை நினைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை குற்றம் சொல்லாமல் நட்பாகவே இருந்துவிட்டாளே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு உனக்குப் பள்ளி வேலை, கல்யாணம், எனக்கு இந்தக் கல்லூரி. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அந்தப் பேச்சை ஒருமுறை எடுக்காமல் விடமாட்டாய். நான் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றுவேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாய்.

கடைசியாகத் திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, முகமெல்லாம் வீங்கி, உன்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மதியம், உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பிடியில் பலமே இல்லை.

"அன்னிக்கி கதவாண்டயே சொல்லி இருக்கணும்டி. நீ அத்தன நாளு லிஸ்ட் லிஸ்ட்னு கேட்டுக்கினு இருந்தே. பாத்துக்கினே பன்னு துன்னுக்கினு இருந்தேன். என்ன மன்னிச்சிட்டியா, இல்லயா? நெஜம் சொல்லு."

நிஜம் சொல்லு என்று நீயே கேட்டாய். அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும்டி, தெரிந்தேதான் கேட்டேன், உன்னை வதைக்கத்தான் கேட்டேன், நீதான் என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். நீ திட்டியிருப்பாய். அடி கழுதை என்று ஒரு சிரிப்புச் சிரித்து, இருபது வருடப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பாய்.

நான் உன் நெற்றியில் கை வைத்து, "மன்னிச்சிட்டேன்டி, தூங்கு" என்றேன். நீ எனக்கு நன்றி சொன்னாய்.