தோப்புக்கு ஒரு வழி

அக்கா,

கிழித்துப் போடாமல் படி. கொழிஞ்சாம்பாறை பஸ்ஸிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று சட்ட வகுப்பில் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்!

பாகம் பிரித்த பிறகு ஒருத்தர் நிலத்துக்குப் போக வேறு வழியே இல்லையென்றால், மற்றவர் நிலத்தின் வழியாக நடக்க அவருக்கு உரிமை உண்டாம். பத்திரத்தில் எழுதாவிட்டாலும் உண்டாம்! நம் நிலத்தைப் பாகம் பிரித்து நீ வேலி போட்ட அன்று, "உன்ற தோப்புக்கு நீ பறந்து போய்க்கோ" என்றாயே, இனி நான் பறக்க வேண்டாம்.

இன்னொன்றும் மிஸ் சொன்னார். அந்த வழி எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டியது முன்னால் இருக்கிற நிலத்துக்காரர்தானாம். அதாவது, நீ.

வரப்போரமாகக் காட்டிவிடாதே, அக்கா. உன் சமையலறையை ஒட்டியே காட்டு. நீ பேசாவிட்டாலும், தாளிக்கிற சத்தமாவது கேட்டுக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
வேலிக்கு அந்தப் பக்கத்துத் தங்கை