செப்புக் குழாயில் கேட்டது

சர்ச்சில் உன் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்து உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, உன் மனைவி ஸ்டெல்லா ஒரு துணிப்பையை நீட்டினாள். "இது உங்களுக்குத்தான்ண்ணா. வேற யாருக்கு இது இன்னான்னு தெரியப்போவுது?" உள்ளே உன் காதடைப்பான். மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெயும் பெட்ரோலும். உன் மண்டை வாசனை, மச்சி. முடி போன பிறகும் நீ எண்ணெய் வைப்பதை விடவில்லை என்பது மந்தைவெளிக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

பார்த்தால் சாலையைத் துளைக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சாதாரணக் காதடைப்பான்தான். நீதான் அதில் ஓட்டை போட்டு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையில் ஒரு சாண் செப்புக் குழாயை மாட்டினாய். செம்பின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி இன்ஜினோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்குவாய். பானெட் இடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் இன்ஜினின் வயிற்றுச் சத்தம் உன் காதுக்கு வந்துவிடும். மடியில் லாப்டாப். நான் ஓட்டுவேன், நீ கேட்பாய். டாக்டர் மாதிரி இருக்கிறாய் என்றதற்கு, "டாக்டரு மூச்ச 'இழு'ம்பாரு. நான் 'மிதி'ன்றேன். அவ்ளோதான்" என்றாய்.

உன் பழைய காரில் டர்போ கிடையாது. ஒரு வாரம் அதை நோண்டி, புகைக்குழாயை மாற்றி, பொறி விழும் நேரத்தை அரை டிகிரி இப்படியும் அப்படியும் நகர்த்தி, கடைசியில் நாலு குதிரைத்திறன் சேர்த்துவிட்டு, பிள்ளை பிறந்ததுபோல் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாய். என் காரில் டர்போ. லாப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றினால் முப்பது குதிரை. அப்புறம் எதற்கு இந்தக் கிழத்தோடு மல்லுக்கட்டுகிறாய் என்று கேட்டேன்.

"இது அதுவா மூச்சு இழுக்குது, நைனா. நான் தப்பு பண்ணாக்கூட முனகிக்கினு ஓடும். உன்னுதுல நாம காத்த அழுத்தித் திணிக்கிறோம். உள்ள நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சுது, காலி. பிஸ்டன்ல ஓட்டை. அதுக்குத்தான் காது."

அந்த வெடிப்பின் சத்தத்தை எனக்கும் பழக்கினாய். தகரத் தட்டில் பட்டாணி விழுவதுபோல் இருக்கும். கேட்டால் உடனே காலை எடுக்க வேண்டும். நீ காற்றழுத்தத்தைக் குறைப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் நீ காலை முதல் பூசை முடித்த கையோடு, என் காரை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் போனோம். காதடைப்பானை என் தலையில் மாட்டினாய். "ஜலதோஷம், மச்சி. இன்னிக்கு நீ கேளு."

ஜலதோஷம் இல்லை. இரண்டு மாதமாக நான் சொன்ன வம்புகளுக்கெல்லாம் தவறான இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்குக் காது போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒரு ரகசியம் கிடைத்தால் மாம்பலம் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுகிற நான், அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மிதித்தேன். டர்போவுக்கே உரிய ஒரு கணத் தயக்கம். பிறகு யாரோ என்னை சீட்டோடு சேர்த்து அழுத்தினார்கள். என் நங்கநல்லூர் மச்சினன் புது வண்டி வாங்கியிருந்த காலம் அது. குடும்ப விசேஷம் எதுவானாலும் வழியில் என்னை முந்திப்போய், வாசலில் நின்று, "வாங்கோ அத்திம்பேர், டிராஃபிக்கா?" என்று வரவேற்பான். அவன் முகம் என் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போனது.

அப்போது கேட்டது. தகரத் தட்டில் பட்டாணி. மூன்று.

நீ விரலால் உன் காதைத் தட்டிக் காட்டினாய். உதட்டசைவில் புரிந்தது: "இன்னா, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல, மச்சி. வெண்ணெயா போவுது. காத்த இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினாய். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் கொசு மருந்து வண்டிபோல் பின்னால் புகை.

இன்ஜினைப் பிரித்த அன்று பிஸ்டன் ஓட்டையில் உன் சுண்டுவிரல் நுழைந்தது. "என் தப்புதான். காத்த ஜாஸ்தி ஏத்திட்டேன்" என்றாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான், "டீ சாப்பிடலாமா?" என்றேன். வாழ்நாளில் எவ்வளவோ அசட்டு வசனம் பேசியிருக்கிறேன். இதற்கு ஈடு கிடையாது.

புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தாய். அதன்பின் நீ டர்போ வண்டி எதையும் தொடவில்லை. அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வந்தவர்களை, "வேற ஆளப் பாரு" என்று அனுப்பினாய். கிழட்டு வண்டிகளோடு உட்கார்ந்திருந்தாய். "இதுங்க மன்னிச்சிடும், மச்சி." பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆறு வருஷம் உனக்கு ஊர்க்கதை சொன்னேன், கத்திக் கத்தி. இந்த ஒரு கதையைத் தவிர.

பையைக் கொடுத்த ஸ்டெல்லா, "வேலை செய்யுதான்னு பாருங்களேன்" என்றாள். வாசலில் நின்றது என்னுடைய அதே டர்போ கார்தான். பானெட்டைத் திறந்து, நீ மாட்டும் இடத்திலேயே செம்பை மாட்டி, ஸ்டார்ட் செய்தேன். நான் காதடைப்பானைத் தலைக்குக் கொண்டுபோகும்போது அவள் சொன்னாள்: "சாவுற வரைக்கும் இந்த வண்டியப் பத்தியே பேச்சுண்ணா. 'அவனுக்குக் கேக்காதது, என் காது நல்லாருந்தா எனக்குக் கேட்டிருக்கும், நான்தான் வீம்புக்குச் செவிட்ட மறைச்சு வண்டிய கெடுத்தேன்'ம்பாரு."

மாட்டிக்கொண்டேன். உள்ளே வால்வுகள் தையல் மிஷின்போல் ஓடிக்கொண்டிருந்தன. அவள் விரலால் தன் காதைத் தட்டிக் காட்டினாள். கேக்குதாண்ணா?

ஒண்ணும் கேக்கல என்பது வாய் நுனிவரை வந்துவிட்டது. பழக்கம்.

"கேக்குதும்மா" என்றேன். பிறகு, "அன்னைக்கும் கேட்டுது."

அவள் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. குழாயைக் கழற்றி, நீ சுற்றுவதுபோலவே கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றி, பையில் போட்டு, என் கையில் திரும்ப வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

பை என் ஹாலில் ஆணியில் தொங்குகிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, அடுப்பில் குக்கர் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அப்படியும் தகரத் தட்டில் பட்டாணி விழுகிறது, மச்சி. மூன்று.