இருபத்தாறு அடி என்று சொன்னேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குட்டிப் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரிக்கா, விடுக்கா" என்று நடுவில் புகுந்துவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

முதலில் நீ கேட்டது. புதுக் குடியிருப்பில் உன் வீட்டுக்கு ஜன்னல் வைத்தாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் எண், மூலை வீடு. போன வாரம் போய்ப் பார்த்தேன். சமையலறையில் இரண்டு பேர் இடிக்காமல் நிற்கலாம். குட்டியின் அறையில் காலை வெயில் விழுகிறது. ஒற்றை அறையில் மூன்று பேரும் ஏழு வருடம் முடங்கிக் கிடந்து கட்டுகிற வீடு, எனக்குத் தெரியாதா? குழாயை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று மேஸ்திரி கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

உன் மாமா போன பிறகு அவர் பார்த்த வேலையைத்தானே நான் பார்க்கிறேன். காலையில் மோட்டார் போடும் முன் ஊர்க் கிணற்றில் கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. பதினொரு வருடமாகச் சீந்துவார் இல்லாமல் கிடந்த நோட்டு அது. ஒன்றரை வருடம் முன்பு திட்டக் குழுத் தேர்தல் வந்ததே, அப்போது அதற்கும் எனக்கும் திடீரென்று மவுசு வந்தது.

முந்நூற்று நாற்பது வீடுகளுக்கு அனுமதி கொடுக்கலாமா கூடாதா, ஊரில் அது ஒன்றுதான் பேச்சு. அந்த வீடுகளைக் கட்டவிருந்த கட்டடக்காரர் தேர்தலில் நின்றார், அவரை எதிர்த்து நம் கணக்கு டீச்சர். "வீடு வேணாங்கலப்பா. தண்ணி இருக்கான்னு பாத்துட்டுக் கட்டுங்கன்னுதான் சொல்றேன்" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "அளக்குறவளே சொல்லட்டும். இன்னைக்குக் காலையில எத்தனை அடி?" என்று கேட்டார்.

நாற்பத்தொன்று. நோட்டில் என் கையால் எழுதியிருந்தேன். மோட்டார்க் குழாயின் வாய் ஐம்பதாவது அடியில். மிச்சம் ஒன்பது அடி, இருக்கிற ஊருக்கே அது காணாது. நான் இருபத்தாறு என்று சொன்னேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை, தம்பி. கட்டடக்காரர் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. நீ முன்பணம் கட்டிக் காத்திருந்த வீடு கண்ணுக்குள் வந்து நின்றது, வாய் சொல்லிவிட்டது.

நோட்டைக் காட்டு என்று டீச்சர் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மைக்கில், "நாப்பதுக்கு மேல இருக்கும்னு நெனச்சேன். அளந்தவ சொன்னா அதுதான் சரி. தண்ணி இருந்தா வீடு வரட்டும், சின்னஞ்சிறுசுங்க எங்க போய்க் குடியிருக்கும்?" என்றார். கூட்டம் கை தட்டியது. வெளியே வரும்போது கட்டடக்காரர், "அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று சிரித்தார். டீச்சர் பதினெட்டு ஓட்டில் தோற்றார். அந்தப் பதினெட்டும் நான் போட்டது.

முதல் கட்ட வீடுகளில் ஆள் குடிவந்தாயிற்று. தண்ணீர் இப்போது நாற்பத்தொன்பதில் நிற்கிறது. மோட்டார் பாதி நேரம் காற்றைத்தான் இழுக்கிறது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறி ஐந்து வாரமாகிறது. டீச்சர் வீடு அந்தத் தெருவின் கடைசி. எழுபத்து மூன்று வயதில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடி, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினம் ஒரு குடம் நான்தான் கொண்டுபோய் ஊற்றுகிறேன்.

நேற்று கட்டிலில் படுத்தபடியே, "உன் கயிறு எத்தனை வருஷத்துக் கயிறும்மா?" என்று கேட்டார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதே கயிறுதான் என்றேன். "அதான் பாரு. பழைய கயிறு இழுபட்டு நீண்டிருக்கும், முடிச்சு தள்ளிப் போயிருக்கும். நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கயிறு பதினைந்து அடி நீளுமா, தம்பி? நமக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு அது தெரியாதா? வாசலுக்கு வந்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை திட்டக் குழு கூடுகிறது. இன்னும் இருநூறு வீட்டுக்கு அனுமதி கேட்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். கூட்டம் நடந்த அன்றைய பக்கத்தை எல்லார் முன்பும் படிப்பேன். வேலை போகும், போகட்டும். உன் வீட்டு வேலையும் பாதியில் நிற்கலாம். அதைப் போகட்டும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை, பொய் முழுக்க என்னுடையது. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். நாள் பார்த்துத்தான் தபாலில் போடுகிறேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் இருபத்தாறு என்று சொல்லிவிடுவேன்.

கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. குட்டிக்கு என் முத்தம். நீங்கள் எந்த ஊரில், எவ்வளவு சின்ன அறையில் இருந்தாலும் சரி, குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரட்டும்.

உன் அக்கா