இன்னும் பெயர் வைக்காத ஓடை

அன்பு மகள் தெக்லாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் மாமா பௌலினுஸும் நம் பன்றிகளும் கர்த்தர் தயவில் சுகம், அங்கே பிரிஸ்பேனில் நீயும் மருமகனும் என் பேத்தியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை. இங்கே மழை விட்டபாடில்லை, கோகோ காயவே மாட்டேன் என்கிறது, பகானா எரிமலை வழக்கம்போலப் புகைகிறது, இருவாச்சிகள் நம் பப்பாளியைக் குத்தகைக்கு எடுத்ததுபோல் தின்றுவிட்டுப் போகின்றன.

நிலநடுக்கத்தில் மேட்டுத் தோட்டம் சரிந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, அந்த மண்ணில் நம் எல்லை ஓடை அடைபட்டு, தண்ணீர் இப்போது தோட்டத்தின் நடுவே புது வழி போட்டுக்கொண்டு ஓடுகிறது, நம் கலிப் கொட்டை மரங்கள் அத்தனையும் அதற்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டன. அடுத்த தோட்டத்து வெரோனா, இனி இதுதான் எல்லை என்கிறாள். கூட்டம் போட்டார்கள். எந்த வம்சத்தில் அடுத்து மண்ணை ஆளப்போகிற மகள் அந்த ஓடையில் இறங்கி நின்று பெயர் வைக்கிறாளோ அவர்களுக்கே இரண்டு கரையும், முதல் உரிமை நமக்கு, ஈஸ்டர் வரை தவணை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மண் பெண்வழியில் போகிற ஊரில் எனக்கு நீ ஒருத்திதானே. "லீவு கெடைக்காதும்மா, அந்தப் பேரை நீயே எனக்காகச் சொல்லிடு" என்று அதற்குப் போனில் சொன்னாயே, அதை அப்படியே அடுத்த கூட்டத்தில் சொன்னேன். உன் மாமாவே சிரித்துவிட்டார். "கப்பல்லயே போன ஃப்ரெஞ்சுக்காரன் பேரை இந்தத் தீவு சுமக்கிறது போதாதா? அந்தப் பூகன்வில் இங்க காலைக்கூட நனைக்கல. அப்புறம் ஜெர்மன்காரன் வந்து பேரரசர் மலை, இளவரசர் மலைன்னான், எந்த இளவரசன் வந்து இங்க கொசுக்கடி பட்டான்? இப்ப நம்ம பொண்ணு பிரிஸ்பேன்லேருந்தே பேர் வெக்கிறாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

வெரோனாவைக் குறை சொல்லமாட்டேன். நேற்றுகூடச் சேப்பங்கிழங்கை இடித்துத் தேங்காய்ப்பாலில் பிசைந்த தமத்தமா கொண்டுவந்து கொடுத்தாள். "உன் மக வந்து நின்னா நான் வாயே தெறக்க மாட்டேன்க்கா, வரலேன்னா என் மக நிப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் மகள் லூசியானா தினமும் அங்கேதான் துணி துவைக்கிறாள், இறால் பிடிக்கிறாள். பிள்ளைகள் லூசியானா ஓடை என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அப்படிச் சொல்கிற வாயை எல்லாம் நான் திட்டித் தீர்க்கிறேன்.

இன்று காலை உன் மாமா குளிக்கக் கிளம்பினார். மழை பெய்த வழி ஆயிற்றே என்று, "லூசியானா ஓடையில கல்லு வழுக்கும், பாத்துப் போடா" என்றேன். அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாயிலேயே வந்துவிட்டதடி, தெக்லா.

கர்த்தர் உங்கள் மூவருக்கும் குறையொன்றும் வைக்காமல் காக்கட்டும். ஈஸ்டருக்கு முன்னால், மறக்காதே. பேத்திக்கு ஷூ ஒன்றும் வாங்காதே, அவளும் வெறுங்காலோடு தண்ணீரில் நிற்கட்டும்.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
ஸ்கொலாஸ்டிகா