தொட்டில் ஆடாது என்று சொன்ன என் வாய்

கர்த்தரின் நிழலில் இளைப்பாறும் என் அன்பு அத்தைக்கு ஸ்தோத்திரம்.

ஜெயித்துவிட்டோம் அத்தை! வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கரும் நம் குத்தகைதான் என்று நேற்று பாபநாசத்தில் தாசில்தார் உத்தரவு போட்டுவிட்டார். இனி எந்த மிராசுதாரும் நம்மை வரப்பை விட்டு இறக்க முடியாது. நான் பஸ் ஸ்டாண்டிலேயே ஓவென்று அழுதேன். உங்கள் மகன் வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஊர் கேட்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

மாமா காலத்திலிருந்து நாம் உழுத நிலம். காகிதம் ஏது? மிராசுதார் வாயால் சொன்னார், மாமா தலையாட்டினார், அவ்வளவுதான் குத்தகை. பயிரிடுகிறவர் பேரைப் பதியலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் நீங்கள் ஞானம்மாள் என்ற உங்கள் பேரில் மனுக் கொடுத்தீர்கள். மிராசுதாரோ, "குத்தகையா? ஆள் வெச்சு நானே பயிர் பண்றேன்" என்று சாதித்தார். நாம் அறுத்துப் போட்ட குறுவைக் கட்டுகளைத் தன் காரியக்காரர் கோவிந்தசாமியை விட்டு வண்டியில் ஏற்றினார்.

என் வாய் சும்மா இருக்குமா? களத்து மண்ணை வாரி கோவிந்தசாமியின் வண்டிமேல் தூற்றினேன். "நீ நாசமாப் போவ! உன் வூட்டுல தொட்டில் ஆடாது!" என்று கத்தினேன். ஊரே நின்று கேட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது அத்தை, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது. சாபத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. "என் வாக்கு எப்படிப் பலிக்குது பாத்தீங்களா?" என்று, அது காதில் விழுந்ததுமே உங்களிடம் வந்து பெருமையடித்தேன். நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"கர்த்தரப் பாடுற வாயை சாத்தானுக்குக் குத்தகைக்கு விட்டுட்டியாடி? அது பலிக்குமோ பலிக்காதோ, அந்தப் புள்ள மனசுல போயி உக்காந்துருச்சு. நீ போட்டத நீயே போயி எடு."

"கேஸு நடக்குற நேரத்துல போனா கால்ல விழுந்துட்டோம்னு நெனப்பாங்க அத்தை."

"நெனச்சுட்டுப் போறாங்க. சிலுவையில தொங்கும்போதே தன்னை அடிச்சவங்களுக்கு நல்லது கேட்டாரே, அவருக்கு இல்லாத கௌரவமா உனக்கு?"

தெருவே பார்க்க நாம் இருவரும் கோவிந்தசாமி வாசலில் நின்றோம். சபிக்க அரை நிமிடம் ஆகாத எனக்கு, அன்று வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று! "தாயி, நான் சொன்னது பாவம். அது உன்னைச் சேராது. புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும், இந்த வூட்டுல தொட்டில் ஆடட்டும்" என்றேன். அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தாளாம்.

கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். மார்கழியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைப் பார்க்க உங்களை ஒரு மாதம் விட்டுவைத்திருக்கக் கூடாதா?

விசாரணையில் மிராசுதாரின் சாட்சியாக ஏறியவர் அதே கோவிந்தசாமி. நிலத்தை யார் பயிர் செய்கிறார்கள் என்று தாசில்தார் கேட்டார்.

"ஞானம்மா குடும்பந்தாங்கய்யா. நெல்லு அவங்களுது. நாந்தான் ஏத்திட்டுப் போனேன்."

மிராசுதார் துள்ளி எழுந்தார். "டேய், உன் குடும்பத்துக்கே சாபம் விட்டவடா இவ! மறந்துட்டியா?"

"மறக்கலீங்க. வூடு தேடி வந்து வாழ்த்துனதையும் மறக்கலீங்க. இத்தினி வருசம் உங்களுக்காகப் பேசுன வாயி, இன்னிக்காவது நெசம் பேசட்டும்."

அவர் வேலை அன்றே போயிற்று. கூலிக்கு உழுது பிழைக்கட்டும் என்று உங்கள் மகன் நம் ஏரையும் மாட்டையும் அவருக்கு இரவல் கொடுத்திருக்கிறார். அவர் மகளைப் பார்க்கப் போகாமல் நான் வீம்பாக வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

நேற்று குமாஸ்தா உத்தரவு படிக்க, "ஞானம்மாள்!" என்று உங்கள் பேரைக் கூப்பிட்டார். "காலமாயிட்டாங்கய்யா. அவங்க மருமக வந்திருக்கேன்" என்று தாலுகா கச்சேரியே அதிரச் சொன்னேன்.

இனிமேல் எனக்குக் கோபமே வராது என்று சொல்ல மாட்டேன். வரும், கத்துவேன். ஆனால் ஒரு உயிரையும் என் வாயால் சபிக்க மாட்டேன் அத்தை, சத்தியம். நாளைக்கு நம் வயலில் நடவு. நடுகிற பெண்களைப் பார்த்து "நல்லா இருங்க" என்பேன். மிராசுதார் வரப்பில் வந்து நின்றால் அவரிடமும் அதையே சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி மருமகள்
எஸ்தர்