பெயர் சொல்லாத மரம்

எதிர்த்துப் பேச ஆளில்லாமல் என்னை விட்டுப் போன அன்பு எஸ்ராவுக்கு,

சூலே பகோடா பக்கத்து டீக்கடையில் நம் மேசையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். நான் வேறு மூலையில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். எதிரே இருக்கும் முக்காலியை யாராவது கேட்டால் கொடுக்க மனசு வருவதில்லை. "ஆள் வருது" என்று பொய் சொல்கிறேன். ஞாயிறு பள்ளி நடத்துகிறவன் சொல்லக்கூடிய பொய்யா இது?

தனியாக இருக்கிறேன், எஸ்ரா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எஸ்தர் இறந்தபோது நீர் இருந்தீர். நீர் போனபோது யாரும் இல்லை. உம்முடைய யூத ஜனத்தில் அடக்கப் பிரார்த்தனைக்கு வேண்டிய பத்து ஆண்கள்கூடச் சேரவில்லை. வேதக்காரத் தமிழன் நான் ஓரமாக நின்று அழுதேன்.

இன்று ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். பாங்காக்கில் வேலை பார்க்கும் நம் ரூத் போன வாரம் கூப்பிட்டாள். அழுகை வந்தால் அவளுக்கு பர்மியம்தான் வரும். அன்று வார்த்தை தேடித் தேடித் தமிழில் பேசினாள்.

"அப்பா, நான் முழுகாம இருக்கேன். கல்யாணம் ஆகல. யாருன்னு மட்டும் கேக்காதீங்க. வீட்டுக்கு வரலாமா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் லைன் அறுந்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். பெற்றவனுக்கு அந்தப் பெயரைக் கேட்கக்கூட உரிமை இல்லையா? நான் கேட்காவிட்டாலும் ஜெபக்கூட்டத்து அம்மாக்கள் சும்மா விடுவார்களா? அவள் திரும்பக் கூப்பிட்டபோது எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரப் பாடம் ஏதேன் தோட்டம். பிள்ளைகளுக்குக் காட்டும் படத்தை எடுத்தேன். ஏவாள் கையில் அதே சிவப்பு ஆப்பிள். நீர் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"ஆப்பிளா? வேதத்துல எங்கய்யா ஆப்பிள் இருக்கு? எங்க பெரியவங்கள்ல ஒருத்தர் திராட்சைன்னார். ஒருத்தர் அத்தின்னார், அந்த இலையத்தானே தச்சு உடுத்துனாங்க. இன்னொருத்தர் நார்த்தங்கா மாதிரி ஒண்ணுன்னார். ஒருத்தர் கோதுமைன்னார்."

"கோதுமை மரத்துலயா காய்க்குது?" என்று நான் மடக்கினேன்.

"தானியம் ருசி பார்த்த பெறகுதான் பிள்ளைக்கு அப்பா, அம்மான்னு கூப்பிடத் தெரியுமாம். அறிவு தர்ற பழம் வேற எது?"

"சரி, கடைசியில் எதுதான் அது?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர். "கடவுள் சொல்லவே இல்லங்கறார் ஒருத்தர். சொன்னா, நாளைக்குப் போறவன் வர்றவன் எல்லாம் அந்த மரத்தக் காட்டி, இதாலதான் உலகம் கெட்டுச்சும்பான். மரத்துக்கு அவமானம் வரக்கூடாதுன்னு பேர மறைச்சிட்டாராம்."

"மரத்துக்கு என்னய்யா மானம்?"

"மரத்துக்கே பார்த்தவரு மனுசனுக்குப் பார்க்க மாட்டாரா, ஞானம்?"

அன்று பில்லைக் கேட்டு எழுந்துவிட்டேன். தோற்றுப் போனால் நான் அப்படித்தான் எழுந்துவிடுவேன் என்று உமக்குத் தெரியும்.

படத்தை மறுபடி அலமாரியில் வைத்தேன். யூதர் கல்லறைத் தோட்டம் இருக்கும் மிங்கலா தாங்ஞுன்டுக்கு பஸ் பிடித்து வந்து, உங்கள் வழக்கப்படி உம் கல்லறைமேல் ஒரு கல் வைத்தேன். புல் முழங்கால் வரை வளர்ந்திருக்கிறது. அங்கே நின்றபடியே ரூத்தைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

எதற்கெடுத்தாலும், பரவாயில்லை என்பதற்கு பர்மியத்தில் "யபாதே" என்று கை வீசுவீரே, அந்த வார்த்தைதான் எனக்கு வந்தது. "யபாதே. வா, மகளே."

"கேக்க மாட்டீங்களாப்பா?"

"மாட்டேன்."

எனக்கு அந்தப் பெயர் வேண்டும், எஸ்ரா. இப்போதும் வேண்டும். உம்மிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்க மாட்டேன், கேட்கிறவர்களுக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு முதல் கோதுமைக் கஞ்சியை நானே ஊட்டுவேன். அதற்குப் பிறகு அது "அப்பா" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்க இந்த வீட்டில் நான் இருப்பேன். இது உமக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உம்மிடம் தோற்ற தம்பி,
ஞானமுத்து